செவலைக்கு எதை ஊற்றுவது?

"தொடாதட்டி, கை வெந்துபோகும்!"

மாரிசெல்வி வீசிய ஈரச்சாக்கு ஹரிதாவின் விரலுக்கும் ரேடியேட்டர் மூடிக்கும் நடுவே சொத்தென்று விழுந்தது. அதே நொடியில் மூடியின் விளிம்பிலிருந்து உஸ்ஸென்று வெள்ளை ஆவி கிளம்பியது. தாராவி தொண்ணூறடி சாலையில் போன பாதிப்பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மீதிப்பேர் ஹாரன் அடித்தார்கள்.

"தள்ளுட்டி, சவத்த உள்ள தள்ளு!"

இருவரும் முதுகைக் கொடுத்துத் தள்ளினார்கள். சிவப்பு நிற ஜப்பான் கார் முனகிக்கொண்டே மாரிசெல்வியின் கேரேஜுக்குள் உருண்டது. ஹரிதாவைவிட நாலைந்து வயது இளைய கார். ஆனால் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் இன்றைக்கும் புதுக் கார்களைப் பின்னால் விட்டுவிட்டுப் பறக்கும். மாரிசெல்வி அதற்கு வைத்த பெயர் செவலை. மஞ்சுவிரட்டுக் காளை மாதிரி முறைக்கிறதாம்.

"இன்னிக்குப் போய் கொதிக்கறதேடி!" ஹரிதாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "சாயங்காலம் அந்த உல்லாஸ்நகர்க்காரர் வரார்."

விஷயம் இதுதான். மாட்டுங்கா குடியிருப்பில் கார் நிறுத்த இடச்சண்டை. அதோடு இந்த மாதத்தில் மட்டும் செவலை மூன்று முறை நடுரோட்டில் கொதித்துவிட்டது. விற்றுத் தொலை என்று அம்மா விஜயலக்ஷ்மி உல்லாஸ்நகரில் வாங்க ஆளையே பிடித்துவிட்டாள். ஹரிதா அழுது புரண்டதில் ஒரே ஒரு சலுகை கிடைத்தது. இன்று மாட்டுங்காவிலிருந்து பாலம் தாண்டி வாஷி வரை ஓட்ட வேண்டும். சூடு காட்டும் முள் பாதிக்கோட்டைத் தாண்டக்கூடாது. தாண்டினால் சாவி உல்லாஸ்நகர்க்காரர் கையில். பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்லப்போகிறவர் அப்பா சந்திரமௌலி. பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்தப் பெண்ணுக்காகக்கூடப் பொய் சொல்ல மாட்டார்.

"ஒங்க வீட்டு நீதிபதிக்கு அல்வா வாங்கிக் குடுத்தா மசிவாரா?"

"அவருக்கு ஷுகர்டி."

சூடு தணிந்ததும் மாரிசெல்வி சாக்கைச் சுற்றி மூடியை மெல்லத் திருகினாள். டார்ச் அடித்து உள்ளே பார்த்தவள் அப்படியே நின்றாள்.

"என்னத்தட்டி ஊத்தி வச்சிருக்க?"

உள்ளே கலங்கிய இளஞ்சிவப்புத் தண்ணீர். அதில் திரிந்த பால் போல வெள்ளை வெள்ளையாகச் செதில்கள்.

"எஞ்சின் போச்சா?" ஹரிதாவின் குரல் கீச்சிட்டது.

மாரிசெல்வி ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தாள். ஆயில் தேன் மாதிரி சுத்தமாக இருந்தது. "பிழைச்ச. ஆயில்ல தண்ணி கலக்கல. யாரோ சூட்டத் தணிக்கிற கூலன்ட்டுல ரெண்டு வகைய ஒண்ணா ஊத்திருக்காங்க. ஒண்ணுக்கொண்ணு சேராட்டா இப்படித்தான் கட்டிகட்டியாத் திரியும்."

"நான் எதையும் ஊத்தலை. பிள்ளையார் மேல சத்தியம்."

"அப்ப யாரு?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரே பெயர் இரண்டு வாயிலிருந்தும் வந்தது.

"உல்லாஸ்நகர்!"

"போன வாரமே வந்து பானெட்டைத் தொறந்து பார்த்தார்டி! மோந்துகூடப் பார்த்தார்!"

"வெலையக் குறைக்க எதையோ கலக்கிருக்கான், திருட்டு மூதி!"

ஹரிதாவும் குனிந்து முகர்ந்தாள். லேசான புளிப்பு. அதற்குப் பின்னால் இன்னொரு வாசனை. எங்கேயோ, வெயிலில் நின்று, சந்தோஷமாக முகர்ந்த வாசனை. பிடிபடுவதற்குள் நழுவிவிட்டது.

அடுத்து அலசல். அடைப்பைத் திறந்துவிட்டு, கொழகொழவென்று வந்ததையெல்லாம் பழைய டிரம்மில் பிடித்தார்கள். பிறகு வாளி வாளியாகத் தண்ணீர். எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு தலை நீண்டது.

"ஏ மாரி, குடிக்கத் தண்ணிக்குக் குடத்தோட அலையுதோம், நீ காரக் குளிப்பாட்டுதியாக்கும்?"

"குளிப்பாட்டல சித்தி, பேதிக்குக் குடுத்திருக்கேன்!"

வந்த தண்ணீர் தெளியும் வரை சித்தியின் வசவும் நிற்கவில்லை. ரப்பர் தேய்ந்து ஆவி கசியவிட்ட ரேடியேட்டர் மூடியையும் மாரிசெல்வி மாற்றினாள். இனி ஒரே கேள்விதான். எதை ஊற்றுவது?

ஓடினார்கள் ஷாகிரின் உதிரிபாகக் கடைக்கு. அலமாரியில் பச்சை, பிங்க், நீலம், ஆரஞ்சு என்று ஹோலி கொண்டாடிக்கொண்டிருந்தன பாட்டில்கள்.

"கேட்டுக்கிடு," என்றாள் மாரிசெல்வி. "செவலைக்கு எஞ்சின் தலை அலுமினியம். பழைய ஜப்பான் வண்டி. பாஸ்பேட் இருக்கணும், சிலிகேட் இருக்கக்கூடாது. சிலிகேட் இருந்தா தண்ணி பம்போட சீல அரிச்சிரும்."

ஷாகிர் தாராவியிலேயே பிறந்து வளர்ந்தவன். தமிழில் தொடங்கி இந்தியில் முடிப்பான். "மேடம், இத பாருங்க. ரேசிங் மால். ட்ராக்ல ஓடுறது. ஏக்தம் ஜபர்தஸ்த்!"

வெள்ளி நிற டின். அதில் தீப்பிழம்புப் படம். ஹரிதாவின் கண்கள் விரிந்தன. "செவலையும் ரேஸ் மாதிரிதானேடி..."

டின்னை வெடுக்கென்று பிடுங்கி வைத்தாள் மாரிசெல்வி. "பந்தயக்காரன் ஓட்டி முடிச்ச கையோட வடிச்சிருவான். இது சூட்டத்தான் இழுக்கும், துரு பிடிக்காம காக்காது. உன் வண்டி வருஷம் பூரா கிங் சர்க்கிள் சிக்னல்ல நிக்கப்போற வண்டி. ஷாகிர் பாய், அந்தப் பிங்க்க எடும். உள்ள இருந்தது பிங்க், அதே பிங்க்க ஊத்துவோம்."

ஹரிதா பாட்டிலைத் திருப்பினாள். பொடி எழுத்து. இன்சூரன்ஸ் கம்பெனியில் பாலிசியின் பின்பக்கத்தைப் படித்துப் படித்தே பழகிய கண்.

"மாரி, இது ஐரோப்பா வண்டிக்காம். சிலிகேட் இருக்குன்னு போட்டிருக்கு."

"பிங்க்தானட்டி?"

"பிங்க்னா? ரோஸ்மில்க்கும்தான் பிங்க்!"

ஷாகிர் சிரித்தே விட்டான். "சரியாச் சொன்னீங்க மேடம், சஹி பாத். கலர் சும்மா சாயம். கம்பெனிக்குக் கம்பெனி மாறும்."

மாரிசெல்வி தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள். பிறகு இருவரும் பாட்டில்களைத் திருப்பித் திருப்பிப் படித்தார்கள். பச்சை? சிலிகேட். ஆரஞ்சு? பாஸ்பேட்டே இல்லை. கடைசி வரிசையில் தூசி படிந்து ஒரு நீலம். ஹரிதா துப்பட்டாவால் துடைத்தாள். பாஸ்பேட் உண்டு. சிலிகேட் இல்லை. ஜப்பான் அலுமினிய எஞ்சின்களுக்கு. தண்ணீர் அளவாகக் கலந்தே அடைத்தது.

"கிடைச்சுடுத்து!" என்று அவள் குதித்த குதியில் வைப்பர் கட்டு ஒன்று சரிந்து விழுந்தது.

அலசிய தண்ணீரைச் சொட்டுவிடாமல் வடித்து, நீலத்தை ஊற்றும்போது அம்மாவின் போன். "எங்கேடி இருக்கே? அந்த மனுஷர் கல்யாண் தாண்டிட்டாராம்!"

"வந்துண்டே இருக்கேம்மா!"

உள்ளே சிக்கிய காற்று குமிழ்குமிழாக வெளியேற வேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும். இருவரிடமும் அதுதான் இல்லை. "போதும், மூடு!" என்று கிளம்பிவிட்டார்கள்.

மாட்டுங்காவில் சந்திரமௌலி இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, விபூதிக் கீற்றோடு காத்திருந்தார். பின்சீட்டின் நடுவில் அமர்ந்து, முன்சீட்டுகளின் இடைவெளி வழியாக முள்ளைப் பார்த்தார்.

"ஆரம்பிக்கலாம்."

சயான் தாண்டியது. முள் அசையவில்லை. செம்பூர் தாண்டியது. அசையவில்லை. மாரிசெல்வி முன்சீட்டில் சினிமாப்பாட்டு முனகத் தொடங்கினாள். மான்கூர்டில் ஒரு தண்ணீர் லாரி குறுக்கே நின்றுவிட, எல்லாம் நின்றது.

முள் மெல்லத் தலை தூக்கியது.

"மாரி..." ஹரிதாவின் உதடு மட்டும் அசைந்தது.

"காத்து. உள்ள காத்து நிக்கி," மாரிசெல்வி கிசுகிசுத்தாள். "ஹீட்டரப் போடு. முழுசா. எஞ்சின் சூடு இங்க வந்துரும்."

அக்டோபர் மாதத்து மும்பையில் ஹீட்டர்! ஹரிதா குமிழைத் திருப்பினாள். சுடுகாற்று முகத்தில் அறைந்தது. முள் பாதிக்கோட்டைத் தொட்டது. தொட்டபடி நின்றது. கண்ணாடியில் பார்த்தாள். அப்பாவின் விபூதி கரைந்து மூக்கு வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. அவர் துடைக்கவில்லை. கண் முள்ளிலேயே இருந்தது.

"அங்கிள், ஏசி கொஞ்சம் ரிப்பேரு," என்றாள் மாரிசெல்வி.

"தெரியறது."

டாஷ்போர்டுக்குள் எங்கோ களுக்கென்று ஒரு சத்தம். கல்யாணச் சாப்பாட்டுக்குப் பின் வரும் ஏப்பம் மாதிரி. முள் சரசரவென்று இறங்கித் தன் பழைய இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. லாரியும் நகர்ந்தது.

பாலம்! முன்னால் காலிச் சாலை. ஹரிதா அழுத்தினாள். செவலை ஒரு கணம் மூச்சை இழுத்து, பிறகு வீறிட்டுப் பாய்ந்தது. கீழே கழிமுகம் வெள்ளியாகப் பறந்தது. "ஏஏஏய்ய்!" என்று மாரிசெல்வி கத்தினாள். ஹரிதா கத்தினாள். மூன்றாவதாக ஒரு குரலும் கேட்டது. பின்சீட்டிலிருந்து.

வாஷியில் இறங்கியதும் சந்திரமௌலி தொண்டையைச் செருமிக்கொண்டு போனை எடுத்தார்.

"விஜி? பாலம் தாண்டியாச்சு. பாதியைத் தொட்டுது. தாண்டலை. ஆமாம், என் கண்ணால பார்த்தேன். அந்த மனுஷருக்குக் காபி குடுத்து அனுப்பிடு."

ஹரிதா ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டாள். மாரிசெல்வி அவளைக் கட்டிக்கொண்டாள்.

"ஓரமா நிறுத்துடி, கொழந்தே. தாகமா இருக்கு," என்றார் அப்பா.

மரத்தடியில் இளநீர் வண்டி. மூன்று பேரும் ஆளுக்கொன்று குடித்தார்கள். முகத்தருகே இளநீரைக் கொண்டுபோன ஹரிதா சட்டென்று நிறுத்தினாள். அந்த வாசனை. வெயிலில் நின்று, சந்தோஷமாக முகர்ந்த வாசனை.

"பையா, இன்னொண்ணு வெட்டு," என்று அப்பா வண்டிக்காரனிடம் சொல்வது கேட்டது. "தண்ணி மட்டும் இருக்கற காயாப் பார்த்துக் குடு. போன மூணு தடவையும் வழுக்கை உள்ளே விழுந்துடுத்து."

"அப்பா," ஹரிதா மெதுவாகக் கேட்டாள், "நாலாவது யாருக்கு?"

சந்திரமௌலி இளநீரை இரண்டு கையாலும் ஏந்தியபடி செவலையின் முன்பக்கம் போய் நின்றார்.

"பானெட்டைத் தொறடி. இத்தனை வெயில்ல ஓடி வந்திருக்கு, பாவம். உடம்பு சூடு தணிய வேண்டாமா?"