வட்டிக்கு வந்த பாம்புக்குட்டி

பாம்புப் பண்ணை முதலாளி செவெரின், அகோசுவுக்குத் தர வேண்டிய கூலி அறுபத்தேழாயிரத்து ஐந்நூறு பிராங்கு. ஈஸ்டருக்கு முன்பே நின்றுபோன கூலி அது. சனிக்கிழமைதோறும் அகோசு கேட்பான். சனிக்கிழமைதோறும் செவெரின் வாயில் ஒரு புதுக் காரணம் முளைத்திருக்கும். வெள்ளைக்காரன் பணம் அனுப்பவில்லை, விமானத்தில் இடம் கிடைக்கவில்லை, சுங்கத்தில் ஆள் மாறிவிட்டான்.

அந்தச் சனிக்கிழமை காரணம் எதுவும் கைவசம் இல்லை போலிருக்கிறது. செவெரின் பொரிப்புக் கொட்டகைக்குள் போய், கடைசி முட்டையிலிருந்து வந்த மலைப்பாம்புக் குட்டி ஒன்றை வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார். சுண்டுவிரல் தடிமன்தான் இருந்தது. முட்டைச் சவ்வும் மண்ணும் ஒட்டி, சாம்பலில் புரட்டி எடுத்த மாதிரி மங்கிக் கிடந்தது. வாய் லேசாகத் திறந்து, ஓரத்தில் நுரை கட்டியிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் கீச்சென்று ஒரு சத்தம்.

"இந்தாப்பா, கூலி அப்புறம் வரும். இது வட்டி."

கொட்டகையே சிரித்தது.

"சாகப்போற வட்டியா, முதலாளி?"

"பொழச்சா உன்னோடது. செத்தா குழி தோண்டுறதும் நீதானே?"

"என்னோடது. எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?"

"அட எடுத்துட்டுப் போப்பா! இதுக்குச் சாட்சி வேறயா?"

அகோசு சட்டையைக் கழற்றிக் குட்டியை அதில் சுற்றி, வெற்றுடம்போடு தன் வாடகை அறைக்கு நடந்தான். சிரித்தவர்கள் சிரிக்கட்டும். அவன் மலைப்பாம்பை வணங்கும் தாங்பே வீட்டுப் பிள்ளை. அந்த வீட்டில் மலைப்பாம்பைப் பாம்பு என்று சொல்ல மாட்டார்கள். அப்பா என்றுதான் சொல்வார்கள். வழியில் குறுக்கே வந்தால் செருப்பைக் கழற்றி நிற்பார்கள். செத்துக் கிடந்தால் வெள்ளைத்துணி சுற்றிப் புதைப்பார்கள். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவன், மலைப்பாம்புக் குட்டிகளைத் துணிப்பையில் கட்டி வெளிநாட்டுக்கு அனுப்புகிற பண்ணையில் தொட்டி கழுவிக்கொண்டிருந்தான். வேறு வேலை கிடைக்கவில்லை. அண்ணன் ஹுவேனு அதைச் சொல்லிக்காட்டாத நாள் இல்லை. வீட்டுத் தெய்வத்தின் குடிசையைப் பார்த்துக்கொள்கிறவர் அவர்.

"அப்பனைப் பையில போட்டு வாயைக் கட்டுறவன் வந்துட்டான், தட்டை எடுத்து வை" என்பார் மனைவியிடம், அகோசு அண்ணன் வீட்டில் சாப்பிட உட்காரும்போது.

அண்ணன் சொல்வதில் பொய் இல்லையே என்று அகோசு தலையைக் குனிந்து சாப்பிடுவான்.

அதனால்தான் இந்தக் குட்டி அவனுக்குப் பெரிதாகப்பட்டது. அனுப்பி வைத்ததற்கெல்லாம் ஈடாக ஒன்றையாவது காப்பாற்றிவிட மாட்டோமா என்று இருந்தது. அப்பா என்று கூப்பிட அது மிகச் சிறிசாக இருந்ததால் சின்னப்பா என்று கூப்பிட்டான்.

கோழித் தீவனமும் மருந்தும் விற்கிற கடைக்குப் போனான்.

"கோழிக்கா, ஆட்டுக்கா?" என்றான் கடைக்காரன்.

"பாம்புக்கு."

கடைக்காரன் அவனை மேலும் கீழும் பார்த்தான். "இருபது வருஷமா கடை வெச்சிருக்கேன். பாம்புக்குச் சளின்னு வந்த முதல் ஆளு நீதான்யா. இருமுதா?"

"கீச்சுங்குது."

"கோழிக்குஞ்சுக்குப் போடுறதுல பாதி போடு. சூடா வை. செத்துப்போனா என் பேரை உங்க அண்ணன்கிட்ட சொல்லிடாத."

அகோசு ஊசியில் மருந்தைப் பாதி அளவு ஏற்றினான். முன்பு சிமெண்டு மூட்டை தூக்கிக் காய்த்த கை, நூல் மாதிரி ஒரு உடம்பைப் பிடிக்கத் தெரியாமல் திணறியது. குட்டி சுருண்டு, தலையை நடுவில் ஒளித்து, எலுமிச்சம்பழம் அளவுக்கு உருண்டையாகிவிட்டது. அதை மெல்ல மெல்லப் பிரித்தான். உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்து வாயைத் துடைத்தான். மூக்கு அடைக்காமல் இருக்கத் தலைக்கு அடியில் துணியைச் சுருட்டி உயர்த்தி வைத்தான். வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் போட்டான். தண்ணீர் ஆறினால் மறுபடி காய்ச்சுவான். பண்ணையிலிருந்து வந்ததும் முதல் வேலையாகக் குட்டியை வைத்திருந்த மூடி போட்ட பிளாஸ்டிக் பேசினைத் திறந்து, காதைக் கொண்டுபோய் வைத்துச் சத்தம் குறைந்திருக்கிறதா என்று கேட்பான். குறைந்திருந்த அன்றைக்குப் பசி எடுக்கும்.

மழை மட்டும் விடவில்லை. காயல் ஓரத்து வாடகை அறை அவனுடையது. ஒரு நாள் வேலையிலிருந்து வந்தபோது தரையில் கணுக்கால் தண்ணீர். பேசின் மிதந்துகொண்டிருந்தது. உள்ளே குட்டி சில்லிட்டு, அசைவில்லாமல் கிடந்தது. உள்ளங்கையில் வைத்து ஊதினான். வாலின் நுனி லேசாக நெளிந்தது. நல்லபடியாக இருந்த மூச்சில் பழைய கீச்சு திரும்பியிருந்தது.

அண்ணன் வீட்டைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. தெய்வத்தின் குடிசைக்குத் தடித்த மண்சுவர். அதன் பின்சுவரை ஒட்டித்தான் அண்ணி சீகா மரவள்ளி மாவை வறுக்கும் பெரிய அடுப்பு. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை எரியும் அடுப்பு அது. கூரை ஓலை மக்கி ஒரு மூலை ஒழுகினாலும், பின்சுவர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும்.

"பண்ணையிலேருந்து திருடிட்டு வந்தியா?" என்றார் ஹுவேனு.

"இல்லண்ணே. வட்டிக்கு வந்தது."

கதையைக் கேட்டு அண்ணி வறுக்கும் கட்டையைக் கீழே போட்டுச் சிரித்தாள். "எல்லாருக்கும் வட்டி குட்டி போடும். என் கொழுந்தனாருக்குக் குட்டியே வட்டியா வந்திருக்கு!"

ஹுவேனு சிரிக்கவில்லை. குட்டியைக் கையில் வாங்கி மூச்சைக் கேட்டார். "அடப்பாவமே, அப்பாவுக்கு நெஞ்சு அடைச்சிருக்கு" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் அகோசுவுக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணனும் அவனும் ஒரே பக்கம் நின்று எத்தனை காலமாயிற்று!

"பின்சுவர் ஓரமா வெச்சா போதும்ணே. எண்ணெய் எல்லாம் வேண்டாம். உடம்பு தேறினதும் நானே கொண்டுபோயிடறேன்."

"வாசல் தாண்டி உள்ள வர்ற அப்பாவுக்கு எண்ணெய் வெக்காம விடுறதா? என்னடா பேசுற?"

அந்த வீட்டு வழக்கம் அது. குடிசைக்குள் நுழைந்து, செம்பனை எண்ணெய் தொட்டு வைக்கப்பட்ட மலைப்பாம்பு வீட்டுக்குச் சொந்தம். கொண்டுவந்தவன் யாராக இருந்தாலும் சரி, அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசும் உரிமை வீட்டுத் தலைவரான ஹுவேனுவுக்குத்தான். அகோசுவுக்கு இது தெரியாததில்லை. ஆனால் அவன் நினைத்தது வேறு. எண்ணெய் வைத்துவிட்டால் அந்த வீட்டில் எவனும் அதன்மேல் கை வைக்கத் துணிய மாட்டான், அதைவிடப் பெரிய காவல் என்ன இருக்கிறது என்று நினைத்தான். நினைத்து, தலையை ஆட்டினான். ஹுவேனு விரல்நுனியால் எண்ணெயைத் தொட்டு அந்தச் சின்னத் தலையில் வைத்தார். பிறகு இருவரும் குனிந்து வணங்கினார்கள்.

சுவரின் சூடு வேலை செய்தது. நுரை நின்றது. கீச்சு நின்றது. ஒரு நாள் அகோசு கண் திறக்காத எலிக்குஞ்சு ஒன்றைக் கொண்டுவந்து முன்னால் வைத்தான். குட்டி வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, சட்டென்று பாய்ந்து பிடித்தது. "சாப்பிட்டாருண்ணே! சாப்பிட்டாரு!" என்று அகோசு போட்ட சத்தத்தில் அண்ணி அடுப்பை விட்டு ஓடிவந்தாள்.

பிறகு தோல் உரிந்தது. ஒட்டிக்கொண்டிருந்த பழைய தோலை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, துண்டு துண்டாக எடுத்தான். அடியிலிருந்து வந்த நிறத்தைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டான். மற்ற குட்டிகளுக்கு இருக்கும் கறுப்புத் திட்டுகள் ஒன்றுகூட இல்லை. உடம்பு முழுக்கப் பழுத்த வாழைப்பழ மஞ்சள். கழுத்திலிருந்து வால்வரை முதுகில் நேராக ஒரே ஒரு வெளிர்கோடு.

"பாத்தீங்களாண்ணே? பண்ணையில இப்படி ஒண்ணு போன வருஷம் பொரிச்சது. அதை வித்துத்தான் முதலாளி வண்டியே வாங்கினாரு." சந்தோஷத்தில் வாய் நிற்கவில்லை. "தன் கையாலயே எனக்குத் தூக்கிக் குடுத்தாரே! தெரிஞ்சா மண்டையைப் போட்டு உடைச்சுக்குவாரு."

ஹுவேனு குட்டியைப் பார்த்தார், புதுத் தோல் வந்த தலையில் மறுபடி எண்ணெயைத் தொட்டு வைத்தார். பிறகு ஒழுகும் மூலையை அண்ணாந்து பார்த்தார். "உனக்குக் கூலி இன்னும் வரலைல்ல? எவ்வளவு நிக்குது?" என்று கேட்டார்.

அகோசு தொகையைச் சொன்னான். அண்ணன் அக்கறையாகக் கேட்கிறார் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே சொன்னான்.

அடுத்த வாரம் ஒரு மாலை வந்தபோது பேசின் காலியாக இருந்தது.

"வெளிய போயிட்டாருடா" என்றார் ஹுவேனு. "உடம்பு தேறிடுச்சு, உலாத்தப் போயிட்டாரு. அப்பா போக நெனச்சா நாம மறிக்க முடியுமா?"

அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. மலைப்பாம்புகள் வெளியே போகும், எந்த வீட்டுக்குள்ளாவது நுழையும், அந்த வீட்டுக்காரர்கள் கழுத்தில் போட்டுக்கொண்டு திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள். அகோசு காத்திருந்தான். ஒருவரும் கொண்டுவரவில்லை. வேலை முடிந்ததும் மழையில் நனைந்துகொண்டே புதர் புதராக விலக்கினான். கறையான் புற்று ஒவ்வொன்றிலும் குனிந்து பார்த்தான். வீடு வீடாகக் கேட்டான்.

"மஞ்சளா, குட்டியா? வந்தா விட மாட்டோமா? உங்க அண்ணன் வீட்டு வழி எங்களுக்குத் தெரியாதா?" என்றார்கள்.

அண்ணியிடம் கேட்டான். அவள் மாவைக் கிளறிக்கொண்டே, "எனக்கென்ன தெரியும்? நான் அடுப்போட கிடக்கேன்" என்றாள். அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை. புகை என்று நினைத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை பண்ணையில் சரக்கு அனுப்பும் அறையைக் கழுவச் சொன்னார்கள். மேசையில் மற்றவற்றிலிருந்து தனியே ஒரு பெட்டி இருந்தது. காற்றுத் துளை வழியாக மஞ்சள் தெரிந்தது. அகோசு மூடியைத் திறந்தான். குட்டி உருண்டையாகச் சுருண்டிருந்தது. அவன் விரலைப் பக்கத்தில் வைத்ததும் பழகிய சூடு என்று அவிழ்ந்து, தலையை விரல்மேல் போட்டது. தலையில் அண்ணன் வைத்த எண்ணெய்ச் சிவப்பு இன்னும் இருந்தது.

"கையை எடுப்பா" என்றார் செவெரின், வாசலில் நின்றுகொண்டு. "ராத்திரி விமானம்."

"முதலாளி, இது என்னோடது. எல்லாரும் கேட்க நீங்களே சொன்னீங்க."

"சொன்னேன். இல்லேங்கலையே? உன்கிட்ட குடுத்ததைத் திருப்பிப் புடுங்க நான் என்ன திருடனா? உங்க வீட்டுத் தலைவர் வந்தாரு. எண்ணெய் வெச்சாச்சு, இப்ப இது வீட்டுச் சொத்து, விலை நான்தான் பேசணும்னாரு. பேசினோம். குடிசைக்குக் கூரைத் தகடு, மரம், ஆணி எல்லாம் நேத்தே வண்டியில ஏத்தி அனுப்பிட்டேன். நீ வீட்டுப் பக்கம் போகலையா?"

நேற்று மாலை அகோசு புதருக்குள் குட்டியைத் தேடிக்கொண்டல்லவா இருந்தான்.

"அப்ப என் கூலி?"

செவெரின் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "அதையும் சேத்துத்தான்யா! கணக்கு அப்படித்தான் முடிஞ்சுது. அறுபத்தேழாயிரத்து ஐந்நூறு, ஒரு பிராங்கு குறையாம உங்க அண்ணன் வாங்கி, தகட்டு விலையில சேத்துட்டாரு. தொகை எனக்கே மறந்துபோச்சு, அவருதான் சரியாச் சொன்னாரு. தம்பி அனுப்பிச்சான்னாரு. நீ அனுப்பலையா?"

அகோசு மூடியைச் சாத்தினான். விரலை இழுத்துக்கொண்டபோது குட்டி மறுபடி சுருண்டது.

அவன் போய்ச் சேர்ந்தபோது குடிசை மேல் புதுத்தகடு கண் கூசப் பளபளத்தது. ஹுவேனு கீழே நின்று ஆணி அடிப்பவனை ஏவிக்கொண்டிருந்தார். தம்பியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாடா! எப்படி இருக்கு பாரு. இனிமே அப்பா தலையில ஒரு சொட்டு விழாது."

"அப்பாவைப் பையில போட்டு வாயைக் கட்டப்போறாங்கண்ணே. ராத்திரி விமானம்."

ஆணி அடிப்பவன் கையை நிறுத்தினான். ஹுவேனு குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரு. ஒருத்தர் போனாரு, மிச்சம் பேருக்கெல்லாம் கூரை வந்துச்சு. அவரே மனசுவெச்சுத்தான் அந்த நிறத்துல வந்திருக்காருன்னு எனக்குத் தோணுது. நீ மட்டும் எத்தனை பேரை அனுப்பியிருக்க? நான் ஏதாவது கேட்டேனா?"

"தினமும் கேட்டீங்க."

"அது சும்மா சொல்றதுடா."

"வெளிய போயிட்டாருன்னு ஏண்ணே சொன்னீங்க? நான் மழையில புத்துப் புத்தா கைய விட்டுத் தேடினேன்."

"உண்மையைச் சொன்னா விட்டிருப்பியா?" என்றார் ஹுவேனு, அது ஒரு பதில் என்பது போல.

தூறல் விழ ஆரம்பித்தது. தகட்டில் சடசடவென்று சத்தம் எழுந்தது. ஹுவேனு குடிசைக்குள் ஒதுங்கி, "உள்ள வாடா, நனையாத" என்று கூப்பிட்டார். அகோசு நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"அந்தக் கூலி..." என்று ஹுவேனு உள்ளிருந்தே இழுத்தார். "மரவள்ளி வித்ததும் கொஞ்சம் கொஞ்சமா உனக்கு..."

"வேண்டாம்ணே. முதலாளி எனக்குத் தர வேண்டியது தீந்துபோச்சு. நீங்களும் ஒண்ணும் தர வேண்டாம். இனிமே உங்ககிட்ட எதுவும் கேட்டு இந்த வாசலுக்கு வர மாட்டேன்."

ஹுவேனுவின் முகம் சுமை இறக்கிய மாதிரி ஆனது. கூரைமேல் இருந்தவனைப் பார்த்து, "கேட்டியா? தம்பின்னா இப்படி இருக்கணும்! அவ்வளவும் விட்டுட்டான்!" என்று சத்தமாகச் சொன்னார்.

பின்சுவருக்கு அப்பால் மாவு கிளறும் ஓசை நின்றது. அண்ணி மட்டும் அடுப்பை விட்டு எழுந்து வந்து, அகோசு மழையில் தெருவை நோக்கி நடப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.