முப்பது வருஷத் தேய்மானம்

புதிதாக வாங்கிய பேஸ் கிட்டாரை அவர் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. கடையிலிருந்து நேராக ரிப்பேர்காரரிடம் போனார். பெட்டியைத் திறந்து, பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் மேசைமேல் வைத்து, "இதைப் பழசாக்கணும்" என்றார்.

ரிப்பேர்காரருக்கு இது புதிதல்ல. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

"எவ்வளவு பழசு?"

"ஒரு முப்பது வருஷம் மேடையில வாசிச்ச மாதிரி."

"நீங்க எவ்வளவு நாளா வாசிக்கிறீங்க சார்?"

"ரெண்டு வருஷமா."

"சரி, பாக்கி இருபத்தெட்டை நான் பாத்துக்கறேன்."

பிறகு டாக்டர் நோயாளியைக் கேட்பதுபோல ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"பெல்ட் போடுவீங்களா?"

"போடுவேன்."

"அப்ப பின்பக்கம் பக்கிள் உரசின தடம் வரும். வியர்க்குமா?"

"சுமாரா."

"முப்பது வருஷம் மேடை விளக்குக்குக் கீழே நின்னா சுமாரா வியர்க்காது சார். முன்கை படற இடத்துல மரம் தெரியற வரைக்கும் உரிச்சுடலாம். சிகரெட்?"

"பழக்கமில்லை."

"உங்களுக்கு இல்லை. கிட்டாருக்கு?"

அவர் யோசித்தார். "எப்பவாவது."

"அப்ப தலைப்பக்கம் ஒரே ஒரு சூடு போதும்."

இரண்டு வாரம் கழித்து வாங்கப் போனபோது வெளுத்த கடல்போல இருந்த கிட்டாரின் நீல நிறம் பாதிக்குமேல் காணாமல் போயிருந்தது. உப்புத்தாளாலும் பிளேடாலும் ஓரங்களை உரித்து, சாவிக்கொத்தை வீசி வீசிப் பள்ளம் போட்டு, திருகாணிகளை வினிகரில் ஊறவைத்துத் துருவேற்றி, வெள்ளை பிளாஸ்டிக் தகட்டைத் தேயிலைத் தண்ணீரில் போட்டு மஞ்சளாக்கியிருந்தார் ரிப்பேர்காரர். பழசாக்கிய கூலி, நல்ல கிட்டார் ஒன்றின் விலைக்குக் கொஞ்சம்தான் குறைவு. அவர் மனநிறைவோடு கொடுத்தார். உரிந்த இடத்தைத் தடவிப் பார்க்கும்போது, தானே கஷ்டப்பட்டுத் தேய்த்ததுபோல ஒரு பெருமிதம் அதற்குள் வந்துவிட்டிருந்தது.

அவருக்கு லிஃப்ட் கம்பெனியில் வேலை. நடுவழியில் மாட்டிக்கொண்டவர்கள் போன் செய்தால், "பதட்டப்படாதீங்க, ஆள் வந்துட்டிருக்காரு" என்று சொல்லும் வேலை. சனி, ஞாயிறுகளில் பல் டாக்டர் ஒருவரின் இசைக்குழுவில் பேஸ் வாசிப்பார். குழுவில் எல்லோரும் அவரை 'பேஸு' என்றே கூப்பிட்டார்கள்.

பேஸ் என்பது பாட்டுக்கு அடியில் கிடக்கும் சத்தம். நான்கு தடித்த கம்பிகள். இருக்கும்போது யாரும் கவனிக்க மாட்டார்கள்; நின்றால்தான் பாட்டுக்குக் கால் இல்லாதது தெரியும். பேஸு வாசித்தபோது பாட்டுக்குக் கால் இருந்தது, கொஞ்சம் நொண்டியது. தாளத்துக்கு ஒரு மயிரிழை பிந்தித்தான் அவர் விரல் கம்பியைத் தொடும். பல் டாக்டரின் சகலை ஒருவர் கறுப்பு பேஸ் ஒன்றை வைத்துக்கொண்டு, கூப்பிட்டால் வரத் தயாராக உட்கார்ந்திருந்தார். அவர் பிந்துவதில்லை என்று டாக்டர் அடிக்கடி, யாரையும் குறிப்பிடாமல் சொல்வார். வாரத்தில் ஐந்து நாள் மற்றவர்களின் பதட்டத்தைத் தணிக்கும் மனிதருக்கு, அந்த இரண்டு நாள் போய்விடுமோ என்ற பதட்டம்தான் பெரிது. அதற்கு மருந்தாகத்தான் இந்தக் கிட்டார்.

டாக்டரின் கிளினிக்கில், நோயாளிகள் காத்திருக்கும் அறையில்தான் பயிற்சி. நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, ஆளுயரப் பல் பொம்மைக்குப் பக்கத்தில் டிரம்ஸ் வைத்திருப்பார் டாக்டர். அங்கேதான் பேஸு பெட்டியைத் திறந்து காட்டினார்.

"கப்பல்ல வாசிச்ச ஒருத்தரோடது. முப்பது வருஷம் அவர் தோள்ல தொங்கினது. யாருக்கும் தர மாட்டேன்னுட்டாரு. நான் பேசிப் பேசி வாங்கினேன்."

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு வந்து தொட்டார். உரிந்த விளிம்பு, பக்கிள் தடம், சிகரெட் சூடு.

"இது கிட்டார் இல்லை," என்றார் மெல்ல. "சரித்திரம்."

"பெயிண்ட் போனாத்தான் டாக்டர் மரம் மூச்சு விடும். மரம் மூச்சு விட்டாத்தான் சத்தம் பேசும்" என்றார் பேஸு. எங்கோ படித்தது. இவ்வளவு நன்றாக எடுபடும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

அன்றிலிருந்து சகலையைப் பற்றிய பேச்சு எழவில்லை. பேஸு பிந்தி வாசிப்பதும் தொடர்ந்தது. பாட்டுக்காரர் ஒருநாள் முணுமுணுத்தபோது டாக்டரே சமாதானம் சொன்னார்: "பழைய கிட்டார் அப்படித்தான் இழுக்கும். அந்தக் காலத்து ஆளுங்க கொஞ்சம் பின்னாடி சாஞ்சுதான் வாசிப்பாங்க." மருந்துக்கடை வைத்திருக்கும் பாட்டுக்காரர், காலாவதி தேதியைப் பார்ப்பதுபோல கிட்டாரைப் பார்த்துவிட்டு மைக் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டில் சொன்ன கதை வேறு. புதிதென்று சொன்னால் விலை சொல்ல வேண்டும். "பழசு, சல்லிசா வந்தது" என்றார்.

மனைவி சுற்றிவந்து பார்த்தாள். "இதைத் தூக்கிட்டுப் போறதுக்கு அவங்கதான் உங்களுக்குக் காசு குடுத்திருக்கணும்."

இரண்டு பொய்யும் ஒன்றையொன்று சந்திக்காதவரை சுகமாக இருந்தன.

தலைமை அலுவலகத்தில் ஒரு வாரப் பயிற்சி என்று கம்பெனி அவரை வெளியூர் அனுப்பியது. பதட்டப்படாதீங்க என்பதை இன்னும் எப்படிச் சொல்வது என்று அங்கே கற்றுக்கொடுத்தார்கள். அந்த வாரத்தில் மாமனார் மகளைப் பார்க்க வந்தார்.

மாமனார் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் ஷெட் வைத்திருந்தவர். இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். மகன் அடிக்கும் பெயிண்டில் குறை பார்க்கும் வேலையை மட்டும் இவர் விடவில்லை. தன்னடக்கம் என்ற பழக்கம் அவருக்கு எப்போதும் இருந்ததில்லை. "நான் பாலிஷ் போட்ட கதவுல முகம் பாத்து ஷேவ் பண்ணலாம்" என்பார். ஒருவர் பண்ணியதாகவும் சொல்வார்.

கூடத்தின் மூலையில் நின்ற கிட்டாரைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

"இது என்னம்மா, விபத்துல மாட்டினதா?"

"பழசுப்பா. சல்லிசா வந்துதாம்." மகள் கேலியாகத்தான் ஆரம்பித்தாள், முடிக்கும்போது குரல் இளகிவிட்டது. "எனக்குப் புது வாஷிங் மெஷின் வாங்கிக் குடுத்துட்டு, தனக்கு மட்டும் இப்படி ஒண்ணை வாங்கிக்கிட்டாரு."

மாமனார் உரிந்த விளிம்பை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு, "என் மாப்பிள்ளை உரிஞ்சுபோன கிட்டாரோட நாலு பேர் முன்னாடி நிக்கிறதா?" என்றார்.

மறுநாள் காலை கிட்டார் ஷெட்டுக்குப் போனது. கழற்றிய ஒவ்வொன்றையும் வரிசை மாறாமல் செய்தித்தாளில் அடுக்கினார். பள்ளங்களுக்குப் பட்டி போட்டுத் தேய்த்தார். பிரைமர், அதன்மேல் பெயிண்ட், அதன்மேல் கண்ணாடிபோல ஒரு பூச்சு. மகன், "நான் செய்யட்டுமா?" என்று கேட்டதற்கு, "இது குடும்ப விஷயம், நீ ஒதுங்கு" என்றார். துருப்பிடித்த திருகாணிகளைக் குப்பையில் போட்டுவிட்டு, மின்னும் எஃகுத் திருகாணிகளை வாங்கி முடுக்கினார். மஞ்சள் தகட்டை வெளுக்கவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பேஸு ஊர் திரும்பினார். அன்று மாலை பயிற்சிக்கு ஒலிப்பதிவாளர் ஒருவர் வருவதாக இருந்தது. குழுவைக் கேட்டுவிட்டு, பிடித்தால் பாட்டுகளைப் பதிவு செய்து தருவார். கப்பல் கிட்டாரைக் காட்டத்தான் டாக்டர் அவரை வரவழைத்ததே.

கூடத்தில் மேசைமேல் வேட்டித்துணி போர்த்தி ஒன்று கிடந்தது. மாமனார் பக்கத்தில் நின்றிருந்தார். குளித்து, சலவைச் சட்டை போட்டிருந்தார்.

"எடுங்க மாப்பிள்ளை."

அவர் துணியை எடுத்தார். மெட்டாலிக் சிவப்பு. ஜன்னல் அதில் தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே போகும் மின்கம்பியும் தெரிந்தது. நடுவில், வாய் திறந்தபடி அவர் முகமும் தெரிந்தது.

"பேச்சே வரலை பாரும்மா உன் வீட்டுக்காரருக்கு" என்றார் மாமனார்.

உண்மைதான். பேச்சு வரவில்லை. வந்தபோது, "ரொம்ப நல்லா இருக்கு மாமா" என்று வந்தது.

"சத்தம் எப்படி வருதுன்னு நானும் வந்து பாக்கறேன். நீங்க வேண்டாம்னாலும் வருவேன்."

மனைவியும் வந்தாள். வழியெல்லாம் மாமனார் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் ஓட்டுநரை முறைத்தார்.

கிளினிக்கில் எல்லோரும் கூடியிருந்தார்கள். டாக்டர் ஒலிப்பதிவாளரிடம் கப்பல் கதையை முடிக்கும் கட்டத்தில் இருந்தார். அந்தக் கதையில் இப்போது ஒரு புயலும் சேர்ந்திருந்தது. "காட்டுங்க பேஸு" என்றார்.

பெட்டி திறந்தது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

"அது எங்க?" என்றார் டாக்டர்.

"இதுதான் அது."

"இதை... யார் பண்ணது?"

மாமனார் கையை உயர்த்தினார். பாராட்டு வாங்கப் பழகிய கை. "நான்தான்."

டாக்டர் நோயாளியிடம் பேசும் தணிந்த குரலில்தான் பேசினார். அது இன்னும் மோசமாக இருந்தது. "பெரியவரே, நீங்க என்ன பண்ணிட்டீங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? முப்பது வருஷம் ஒரு மனுஷனோட கையும் வியர்வையும் பட்ட இடம் அது. அதைச் சொரண்டி எடுத்துட்டு, மேல கார் பெயிண்ட் அடிச்சிருக்கீங்க. இனிமே எத்தனை கோடி குடுத்தாலும் அது வராது."

மாமனாரின் கை இறங்கியது. கொஞ்ச நேரம் அதை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை; சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"தெரியாம பண்ணிட்டேன் மாப்பிள்ளை," என்றார். "அவ்வளவு பெரிய பொருள்னு எனக்கு யாரும் சொல்லலை."

பேஸு ஒன்றும் சொல்லாமல் இருந்தால் போதும். கப்பல் அப்படியே மிதக்கும். அழிந்துபோன சரித்திரத்துக்கு இருக்கிற சரித்திரத்தைவிட மதிப்பு அதிகம். டாக்டர் இரங்குவார், சகலை வர மாட்டார். மாமனார் மட்டும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீடு திரும்புவார்.

"டாக்டர், அவரைச் சொல்லாதீங்க," என்றார் பேஸு. "அது புதுசு."

"எது புதுசு?"

"கிட்டார். கடையில வாங்கினது. ஆள் வெச்சு நான்தான் உரிச்சேன்."

"கப்பல்?"

"கப்பலே இல்லை."

"சிகரெட் சூடு?"

"அதுவும் சொல்லிச் செஞ்சதுதான்."

டாக்டர் பின்னால் பார்க்காமல் உட்கார்ந்தார். நல்லவேளை, அங்கே நாற்காலி இருந்தது. பாட்டுக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. மனைவி மட்டும் அசையாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"புதுசு," என்றாள். "அப்ப வாஷிங் மெஷினைவிட விலை அதிகமா?"

"ஆமா."

"சரி. வீட்டுல பேசிக்கலாம்."

மாமனார்தான் இன்னும் முதல் படியிலேயே நின்றார். "புதுப் பெயிண்டையா உரிச்சீங்க?"

"ஆமா மாமா."

"காசு குடுத்து?"

"ஆமா."

"உரிக்கிறதுக்குன்னு ஒரு ஷெட் இருக்கா?"

"இருக்கு."

"நல்லா ஓடுதா?"

"நல்லா ஓடுது."

வாழ்நாள் முழுக்கத் தப்பான பக்கத்தில் கடை போட்டுவிட்டவரைப்போல மாமனார் தலையை ஆட்டினார்.

ஒலிப்பதிவாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "வாசிக்கிறீங்களா? எனக்கு இன்னொரு இடத்துக்குப் போகணும்."

வாசித்தார்கள். அவர் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் டாக்டர் ஆவலோடு, "மரம் மூச்சு விடலை, இல்ல? சத்தம் செத்துப்போச்சு" என்றார்.

"போன மாசம் போன்ல பதிஞ்சு அனுப்பினீங்களே, அதுல வாசிச்சதும் இதே கிட்டார்தானே? சத்தம் அதேதான்," என்றார் ஒலிப்பதிவாளர். "அதே மாதிரி கொஞ்சம் லேட்டும்தான்."

கிட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்த எல்லோரும் அதற்குப் பின்னால் நின்ற ஆளை அன்றுதான் பார்த்தார்கள். முடிவு அங்கேயே ஆயிற்று. பதிவுக்குச் சகலை வருவார். பேஸுவுக்கு ஒரே ஒரு பாட்டு, இருப்பதிலேயே மெதுவானது. அதுவும் பாட்டுக்காரர் பரிந்து பேசியதால்: "நல்ல மனுஷன், மாமனாரை விட்டுக்குடுக்கலை பாருங்க."

அன்று வீடு திரும்பியதும் மாமனார் உப்புத்தாளோடு வந்து உட்கார்ந்தார். "எந்தெந்த இடம்னு சொல்லுங்க, பழையபடி உரிச்சுத் தரேன்." தாளை விளிம்பில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். கை நகரவில்லை.

"இருக்கட்டும் மாமா," என்றார் பேஸு. "எனக்கு ஷேவ் பண்ண வசதியா இருக்கு."

மாமனார் முகத்தைத் திருப்பிக்கொண்டு உப்புத்தாளைச் சட்டைப் பையில் மடித்து வைத்தார்.

அந்த ஒரு பாட்டுக்காக பேஸு தினமும் மாலை உட்கார்ந்தார். வேலை முடிந்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல், தாளக்கருவியின் டிக் டிக் சத்தத்தோடு. மனைவி அடுக்களையிலிருந்து, "இப்பவும் லேட்டு" என்பாள். சில வாரங்களில் அப்படிச் சொல்வது குறைந்தது. ஒருநாள் அவள் சொல்லவே இல்லை. அன்றுதான் கிட்டாரைத் துடைக்கத் திருப்பியபோது பின்பக்கம் பார்த்தார்: சிவப்பில், விரல் நீளத்துக்கு, பெல்ட் பக்கிள் உரசிய ஒரு கீறல். அவரே போட்டது. கூலி யாருக்கும் கொடுக்கவில்லை.

தொட்டுப் பார்த்தார். போன் அடித்தது.

"என்ன மாப்பிள்ளை, பெயிண்ட் எப்படி இருக்கு?"

"அப்படியே இருக்கு மாமா. ஒரு கீறல் இல்லை."

பதிவு நாளில் மாமனாரும் வந்து, கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் மடியில் பாலிஷ் துடைக்கும் மஞ்சள் துணியோடு உட்கார்ந்திருந்தார். ஒலிப்பதிவாளர், "ரெடியா?" என்றார்.

"ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு, பேஸு பெல்ட்டைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். பிறகு, பின்பக்கம் யாருக்கும் தெரியாதபடி கிட்டாரை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, ஒரு காதைத் தாளத்தின் மேலும் ஒரு கவனத்தைக் கால்சட்டையின் மேலும் வைத்து வாசித்தார். தாளம் பிந்தவில்லை, கால்சட்டை இறங்கவில்லை.