வாசனை இல்லாத ஏலக்காய்

மனைவியின் சமையலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அப்துல் வாஹிதுக்கு வாய் மூடாது. போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் பகுதியில் அவர் குடியிருக்கும் சந்துக்கே இது தெரியும். "நேத்து எங்க வீட்ல..." என்று அவர் தொடங்கினாலே பாதிப் பேருக்கு அவசர வேலை வந்துவிடும். பக்கத்து வீட்டுப் பரமசிவம் மட்டும் நின்று கேட்பார். சாத்தம் மரமில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அவருக்கு வேறு வேலையும் இல்லை. அவரே ஒரு நாள் பொறுக்க முடியாமல் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "எங்க ஜெயமணி மட்டும் என்ன சும்மாவா பாய்? ஒரு கை பாத்துருவமா?" என்று கேட்டுவிட்டார்.

வாஹித் வீட்டுக்குள் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "டீக் ஹை, சரி அண்ணே! வர்ற ஞாயித்துக்கிழமையே வச்சுக்குவோம்" என்று மனைவிக்கும் சேர்த்து அவரே தலையாட்டிவிட்டார்.

இப்படித்தான் அந்தப் போட்டி ஆரம்பித்தது. இரண்டு வீட்டிலும் இதுவரை செய்யாத ஒரு பதார்த்தத்தை செல்போனில் பார்த்து, ஒரே நாளில் இருவரும் செய்ய வேண்டும். ஒரு வாரம் இந்த வீட்டில், மறு வாரம் அந்த வீட்டில் நாலு பேரும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சாப்பிட்டவர் ஒரு குறையாவது சொல்லியே தீர வேண்டும். இந்தக் கடைசிச் சட்டத்தைப் போட்டது ஜெயமணி. "நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு சொல்றதுக்கு எதுக்குப் போட்டி?" என்றாள். நியாயம்தான்.

நடந்தது என்னவென்றால், வாரா வாரம் வாஹிதின் மனைவி மெஹர்பானு தோற்றாள். வாஹிதுக்கு இது விளங்கவே இல்லை. வீட்டில் அவள் வைக்கும் நெய்ச்சோறும் கறிக்குழம்பும் எப்போதும் போலத்தான் இருந்தன. நோன்பு மாதம் முழுக்க அவள் நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்காமலே கஞ்சி காய்ச்சி, வடை சுட்டு, தெருவுக்கே கொடுத்தனுப்பினாள். ஒருவரும் ஒரு குறை சொல்லவில்லை. ஆனால் புதிதாக ஒன்று செய்யச் சொன்னால் கை தடுமாறியது. மோமோவில் இஞ்சி தொண்டையை அறுத்தது. பெங்காலிக் கடுகு மீனில் எண்ணெய் கருகிக் கசந்தது. கேக்குக்குப் போட்ட வெண்ணெய் சிக்கு வாடை அடித்தது.

குறை சொல்லும் முறை வரும்போது வாஹித் மனைவியை விட்டுக்கொடுத்ததில்லை. "அவ கைல தப்பில்ல. சரக்கு சரியில்ல" என்பார். அந்தமானில் எது கெட்டாலும் பழியைச் சுமக்கக் கப்பல் இருக்கிறது. வெங்காயம் அழுகினால் கப்பல் லேட். பிஸ்கெட் நமத்தால் கப்பல் லேட். மாப்பிள்ளை வீட்டார் வராவிட்டால்கூட முதலில் கப்பலைத்தான் திட்டுவார்கள். அதனால் போன வருடம் மழை ஓய்ந்த சமயம், "என்னங்க, இந்த ஏலக்காயில வாசனையே இல்ல" என்று மெஹர்பானு சொன்னபோது வாஹித் அந்தப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு நேராகப் பஜாருக்குப் போய் மளிகைக்காரனிடம் சண்டை பிடித்தார். "மெயின்லேண்டுக்காரன் நல்லதையெல்லாம் அங்க வச்சுக்கிட்டு, கழிச்சுப் போட்டத நமக்கு ஏத்தி விடுறான்! நீயும் அத வாங்கி விக்கிற!" என்று கத்திவிட்டு வேறு கடைக்கு மாறினார். அடுத்து பட்டையில் வாசனை இல்லை என்றாள். இன்னொரு கடைக்கு மாறினார். மனைவி சொல்லி முடிக்கும் முன்பே செய்து முடிப்பவன் என்று அவருக்குத் தன்மேல் ஒரு பெருமை இருந்தது.

அந்தப் பெருமையில்தான் பெரிய காரியம் ஒன்றிலும் இறங்கிவிட்டார். அவருடைய ஃபேன்சி ஸ்டோரில் ஈ ஓட்டும்படி ஆகிவிட்டது. வளையலிலிருந்து பொம்மை வரை ஜனங்கள் போனிலேயே வாங்கிக்கொள்கிறார்கள். சரி, சாப்பாட்டை அப்படி வாங்க முடியாதே என்று யோசித்து, கண்ணாடி அலமாரிகளைக் கழற்றி எறிந்து, மேசை நாற்காலி போட்டார். பெயர் 'மெஹர் மெஸ்'. சமைக்கப் போவது மெஹர்பானு. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் திறப்பு. விஷயத்தைச் சொன்னபோது அவள், "உங்க இஷ்டம்" என்றாள். சந்தோஷத்தில் வார்த்தை வரவில்லை என்று வாஹித் எடுத்துக்கொண்டார்.

திறப்புக்கு முந்தைய ஞாயிறு வந்தது. அன்றைக்குப் போட்டிப் பதார்த்தம் டாப் சிங்ரி. பெங்காலிக்காரர்கள் செய்வது: இளநீர்க் காயைச் சீவி, உள்ளே இறாலும் கடுகு விழுதும் தேங்காய்ப் பாலும் ஊற்றி, மூடியை மாவால் ஒட்டி, காயோடு வேக வைக்க வேண்டும். சுற்றுலாக்காரர்கள் இதற்கு மயங்கிவிடுவார்கள் என்று முடிவு கட்டி, போர்டு எழுதும் பிரவீன்குமாரிடம், "டாப் சிங்ரிக்கும் ஒரு வரி இடம் விட்டு வை. ஞாயித்துக்கிழமை சொல்றேன்" என்று வாஹித் சொல்லியிருந்தார். இறாலைச் சனிக்கிழமை காலையிலேயே ஜங்லிகாட் மீன் மார்க்கெட்டுக்குப் போய் அவரே பொறுக்கி வாங்கி வந்து ஃப்ரிட்ஜில் வைத்தார். அன்று ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லை. அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. போர்ட் பிளேரில் கரண்ட் போவதும் ஒரு செய்தியா?

ஞாயிறு காலை வாஹித் தச்சர்களோடு கடையில் இருந்தார். மகள் ஹுஸ்னா சென்னையில் ஹாஸ்டலில் இருக்கிறாள். வீட்டில் மெஹர்பானு தனியாகத்தான் சமைத்தாள். மதியம் வாஹித் கடையிலிருந்து நேராகப் பரமசிவம் வீட்டுக்குப் போனார். அந்த வாரம் அவர்கள் வீட்டு முறை. மாவு ஒட்டி மூடிய காயைத் தட்டில் வைத்து, மெஹர்பானு தலைமுக்காடு நழுவாமல் மெதுவாக நடந்து வந்தாள். போனில் காட்டிய படத்தில் இருந்ததைவிட அழகாக இருந்தது. வாஹிதுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

முதலில் ஜெயமணி தன் காயைத் திறந்தாள். கடுகு நெடி மூக்கில் ஏறி எல்லாருக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. "படியா! பிரமாதம்!" என்றார் பரமசிவம். பிறகு மெஹர்பானு கத்தி முனையால் மாவை நெம்பி மூடியை எடுத்தாள்.

நாற்றம் என்றால் அப்படி ஒரு நாற்றம். வலையிலேயே கிடந்து வெயிலில் அழுகிய மீன் நாற்றம். பரமசிவத்தின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. ஜெயமணி முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோய், நாகரிகம் கருதி மறுபடி இறக்கினாள். இரண்டு வீட்டாரும் இத்தனை வருடப் பழக்கத்தில் ஒருவரையொருவர் பார்க்கக் கூசியது அன்றைக்குத்தான்.

மெஹர்பானு சிரித்துக்கொண்டு நின்றாள்.

"என்னக்கா, யாரும் கை வைக்க மாட்டேங்கிறீங்க? குறை சொல்றதா இருந்தாலும் சாப்பிட்டுத்தானே சொல்லணும்?" என்றாள். சரி, நானே ஆரம்பித்து வைக்கிறேன் என்பதுபோல ஒரு இறாலை எடுத்து வாயில் போட்டு மென்றாள். நிதானமாக மென்று விழுங்கினாள். "உப்பு கொஞ்சம் தூக்கலோ?" என்று கேட்டாள்.

வாஹித் உறைந்துபோனார். விளையாடுகிறாளா? தன்னை நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தவா? இந்த மாதிரி ஒரு நாற்றத்தை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு ஒரு மனுஷி எப்படி மெல்ல முடியும்? அவள் இரண்டாவது இறாலையும் வாயில் போட்டாள். மூன்றாவதுக்குக் கை போனபோதுதான் அவருக்கு உடம்பில் உயிர் வந்தது. பாய்ந்து தட்டிவிட்டார். காய் உருண்டு, மஞ்சள் குழம்பு தரையெல்லாம் ஓடியது.

"என்னாச்சு?" என்றாள் மெஹர்பானு. அவர் முகத்தைப் பார்த்தாள். ஜெயமணியைப் பார்த்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்து வந்தவளின் சிரிப்பு அப்படியே வற்றியது. "கெட்டுப் போச்சா?" என்று கேட்டாள்.

"மெஹரு..." ஜெயமணி அவள் கையைப் பிடித்தாள். "உனக்கு நாத்தம் தெரியலையா?"

"இல்லக்கா."

"சளி புடிச்சிருக்கா?"

"போன மழைக்குக் காய்ச்சல்ல கிடந்தேன்ல? அப்பப் போனது. உப்பு, காரம், புளிப்பு நாக்குல தெரியுது. மத்தபடி எதைத் தின்னாலும் ஈரத்துணியத் திங்கிற மாதிரி இருக்கு. பழைய சமையல் கைக்கே தெரியும், செஞ்சிருவேன். புதுசுக்கு மூக்கு வேணும்லக்கா?"

"இத்தன நாளா! ஒரு வார்த்த சொல்லக் கூடாதாடி?"

"சொன்னேனே. ஏலக்காயில வாசனை இல்லன்னு சொன்னேன். பட்டையில இல்லன்னு சொன்னேன். இவுக கப்பல் சரக்குன்னாக." மெஹர்பானு கணவரைப் பார்க்காமலே பேசினாள். "மொதல்ல நானும் அப்படித்தான் நெனச்சேன். ஹுஸ்னா லீவுக்கு வந்தாள்ல, அவள இறுக்கிக் கட்டிக்கிட்டு தலையில மூக்க வச்சேன். ஒண்ணுமே வரல. யார் வீட்டுப் புள்ளையவோ கட்டிக்கிட்டு நிக்கிற மாதிரி இருந்துச்சு. அப்பத்தான் கோளாறு சரக்குல இல்லன்னு தெரிஞ்சுச்சு. அதுக்குள்ள இவுக அலமாரியெல்லாம் கழட்டிட்டாக."

வாஹிதுக்கு மளிகைக்காரனிடம் தான் போட்ட கூச்சல் காதில் கேட்டது. எத்தனை கடை மாறினார்! வீட்டில் ஒருத்திக்கு உலகமே வாசனை அற்றுப் போயிருக்கிறது, அவர் ஏலக்காயை மாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். இப்போதாவது அவள் பக்கத்தில் போய் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. அவர் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"அப்ப வெள்ளிக்கிழமை?"

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. பரமசிவம், "பாய்..." என்று தொடங்கி, மேலே பேசப் பிடிக்காமல் எழுந்து கை கழுவப் போனார். ஜெயமணி வாஹிதைப் பார்த்த பார்வையில் அழுகிய இறாலே தேவலை என்றிருந்தது. மெஹர்பானு தரையைத் துடைக்கத் துணி தேடினாள்.

சாயங்காலத்துக்குள் அவளுக்கு வாந்தி கண்டது. நிற்கவே இல்லை. ஆட்டோவில் போகும்போது துவண்டு அவர் தோளில் சாய்ந்தாள். ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் விவரமெல்லாம் கேட்டார். வாசனை போய் எத்தனை மாதம் என்று கேட்டபோது வாஹித் விழித்தார்; கட்டிலில் கிடந்தபடி அவள்தான் பதில் சொன்னாள். காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு இப்படிப் போகும், திரும்பி வரவும் வரும், இத்தனை நாள் காட்டாமல் விட்டிருக்கக் கூடாது என்றார் டாக்டர். பிறகு, "ரொம்ப வீக்கா இருக்காங்க. வீட்ல ஒழுங்கா சாப்பிடுறாங்களா?" என்று கேட்டார்.

"நல்லா சாப்பிடுவா டாக்டர். அவ கைச் சமையல்னா..." என்று பழக்கதோஷத்தில் தொடங்கிய வாஹித் பாதியில் நின்றார். வீட்டில் அவள் சாப்பிட்டுக் கடைசியாகப் பார்த்தது எப்போது? பரிமாறுவாள். "நீங்க சாப்பிடுங்க, நான் அப்புறமா" என்பாள். அந்த அப்புறத்தை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. நர்ஸ் ஊசி குத்த அவள் கையைத் தூக்கினாள். வளையல்கள் மணிக்கட்டிலிருந்து சரிந்து, எங்கும் நிற்காமல் முழங்கை தாண்டிப் போயின. பல மாதங்களாகத் தினமும் தனக்குச் சோறு போட்ட கை அது. வாஹிதுக்குப் பகீர் என்றது. ஆள் பாதியாகக் கரைந்திருக்கிறாள், எதிரே உட்கார்ந்து நான் மூக்கு முட்டத் தின்றிருக்கிறேன் என்று நினைத்தபோது தன்மேலேயே அருவருப்பு வந்தது.

குளுகோஸ் ஏற ஆரம்பித்ததும் மெஹர்பானு கண்ணைத் திறந்தாள். அவர் முகம் வெளிறியிருப்பதைக் கவனித்தாள். மெதுவாகச் சொன்னாள்:

"நீங்க ஒண்ணும் கவலப்படாதீக. வெள்ளிக்கிழமைக்குள்ள எந்திரிச்சிருவேன்."

வாஹித், அந்தச் சந்துக்காரர்கள் யாரும் பார்த்திராத விதத்தில் வார்த்தை இல்லாமல் நின்றார். தான் இருப்பதே சமைத்துப் போடத்தான் என்று நினைத்து அவள் குடும்பம் நடத்தியிருக்கிறாள் என்பது அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. அதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவரேதான். அவள் கையைத் தொடலாமா என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. தொட்டார். சில்லென்றிருந்தது.

சட்டைப்பையில் போன் அடித்தது. வராந்தாவுக்குப் போய் எடுத்தார். பிரவீன்குமார்.

"பாய், போர்டு முடிஞ்சிருச்சு. டாப் சிங்ரி என்னாச்சு, எழுதிரவா?"

"வேணாம் பிரவீன். போர்டே வேணாம். அழிச்சிரு."

"அரே, க்யா ஹுவா பாய், என்ன ஆச்சு? பேரு நல்லாத்தானே இருக்கு? மெஹர் மெஸ்."

"அது என் சம்சாரத்தோட பேருப்பா." வாஹித் அவள் கிடந்த கட்டிலின் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அவளக் கேக்காமலே எழுதச் சொல்லிட்டேன்."