எண்ணெய் காணாத குடுமி

டாலிகஞ்சில் ட்ராம் போய் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் குடியிருந்த சுந்தரேசனுக்குத் தலையில் அரிப்பு. இதெல்லாம் ஒரு கதையா என்று கேட்பவர்கள், அந்தத் தலையை வைத்துக்கொண்டு கல்கத்தாப் புழுக்கத்தில் ஒரு நாள் இருந்து பார்க்கட்டும். அப்புறம் பேசலாம்.

மனிதர் ஓர் இங்கிலீஷ் கம்பெனியில் துரைக்கு எதிரே உட்கார்ந்து கடிதம் எழுதுகிற குமாஸ்தா. தலையில் பத்து முழத் துணியைச் சுற்றிய தலைப்பாகை. அதற்குள் எண்ணெய் வழியும் குடுமி. துரை ஒரு வாக்கியம் சொல்லி மூச்சு வாங்குவதற்குள் இவர் பென்சிலைத் தலைப்பாகைக்குள் விட்டு ஒரு குடை குடைந்துகொள்வார். லண்டனுக்குப் போகவேண்டிய கடிதங்களில் வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிரும். முதலில் துரை ஊதிப் பார்த்தார். பிறகு கடிதத்தை உதறிப் பார்த்தார். ஒரு நாள் இரண்டும் போதவில்லை.

"துர்க்கா பூஜை விடுமுறை முடிந்து வரும்போதும் நீ சொறிந்துகொண்டிருந்தால், பெஹாலாப் பக்கத்துச் சணல் கிடங்குக்குப் போய் அங்கே சொறி" என்று சொல்லிவிட்டார்.

சணல் கிடங்கில் பறக்கும் தூசிக்கு மொட்டைத் தலையே அரிக்கும். அதோடு, சுந்தரேசன் அந்த நாற்காலியைப் பிடிக்கப் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. அவர் பயந்து போனதில் நான் தப்புச் சொல்ல மாட்டேன்.

வைத்தியம் சொல்ல ஆளா இல்லை? கல்கத்தாவில் இருந்த தமிழ்க் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் அத்தனை பேருக்கும் சேர்த்து யோசனை சொல்ல வாஞ்சிநாதன் ஒருவரே போதும். தபாலாபீஸ் உத்தியோகம், கணீரென்ற குரல், கேட்காமலே உதவும் சுபாவம்.

"ஓய், இது சூடு. வங்காளத்துத் தண்ணியே சூடு. சனிக்கிழமை மட்டும் எண்ணெய் தேச்சுண்டா காணுமா? புதன்கிழமையும் தேயும்!"

புதன்கிழமையும் தேய்த்தார். அரிப்பு அதிகமாயிற்று. பக்கத்து வீட்டு நாகலக்ஷ்மி பொடுதலைத் தைலம் காய்ச்சிக் கொடுத்தாள். அதையும் தேய்த்தார். இன்னும் அதிகமாயிற்று. அவர் மனைவி ஜகதாம்பாள், வேளைக்கு ஒரு கை நல்லெண்ணெயை நடு மண்டையில் வைத்துச் சூடு பறக்கத் தட்டினாள். தலையணை உறையைப் பிழிந்தால் ஓர் அப்பளம் பொரிக்கலாம் என்ற நிலைமை வந்தது. அரிப்பு மட்டும் அசையவில்லை.

கடைசியில் பவானிபூரில் ஒரு வங்காளி டாக்டரிடம் போனார். டாக்டர் பாபு தலையைத் தொட்டார். விரலைப் பார்த்தார். மோந்து பார்த்துவிட்டு எழுந்துபோய்க் கை கழுவிக்கொண்டு வந்தார்.

"மோஷாய், இது சூடும் இல்லை, ரத்தக் கெடுதலும் இல்லை. உங்கள் தோலிலேயே எண்ணெய் சுரக்கிறது, கொஞ்சம் தாராளமாகவே. அதைத் தின்று வாழும் பூஞ்சணம், கண்ணுக்குத் தெரியாதது, எல்லார் தலையிலும் உண்டு. நீங்கள் அதற்கு மேலே இன்னும் எண்ணெய் ஊற்றி, தலைப்பாகையால் மூடி, வேர்க்கவும் விடுகிறீர்கள். அது சௌக்கியமாகப் பெருகாமல் என்ன செய்யும்?"

"அப்படியானால் என்ன செய்ய வேண்டும்?"

"எண்ணெயை நிறுத்துங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் கந்தக சோப்பு போட்டு, நுரையைக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு அலசுங்கள். தலை நன்றாகக் காய்ந்த பிறகுதான் தலைப்பாகை. நகம் படக் கூடாது. ஒன்று சொல்லிவிடுகிறேன், இது ஒரேயடியாகப் போகிற வியாதி இல்லை. அடக்கி வைக்கலாம். அசந்தால் திரும்பி வரும்."

சுந்தரேசன் சொன்னபடி செய்தார். வீடெல்லாம் கந்தக நாற்றம். ஜகதாம்பாள் மூக்கைப் பிடித்துக்கொண்டே பரிமாறினாள். ஆனால் அரிப்பு குறைந்தது. செதில் உதிர்வது நின்றது. பென்சில் எழுதுவதற்கு மட்டும் பயன்பட்டது. மனிதருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. குளியலறையில் பாடக்கூடச் செய்தார்.

குடுமிதான் கெட்டுப்போயிற்று. எண்ணெயில் படிந்து கிடந்தது, இப்போது பஞ்சாகக் காய்ந்து, முடிச்சுக்கு அடங்காமல் நாலு திக்கிலும் பறந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கோலத்தோடு, தலைப்பாகை இல்லாமல், சுந்தரேசன் கடைத்தெருவில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்ததை வாஞ்சிநாதன் பார்த்தார்.

நம்மவர்களில் ஓர் ஆண்பிள்ளை எண்ணெய் வைக்காமல் பரட்டைத் தலையோடு நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வீட்டில் சாவு. கடைத்தெருவில் வைத்துத் துக்கம் கேட்பது முறையில்லை என்பதால் வாஞ்சிநாதன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். போய், தெரிந்த வீடுகளுக்கெல்லாம் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் ஒவ்வொருவராக வந்தார்கள். துக்க வீட்டில் 'வாங்கோ' சொல்லக் கூடாது, 'போய்விட்டு வருகிறேன்' என்று சொல்லவும் கூடாது. ஆகையால் ஒன்றும் பேசாமல் உள்ளே வந்தார்கள். தரையைப் பார்த்தபடி உட்கார்ந்தார்கள். பெருமூச்சு விட்டார்கள். எழுந்து போனார்கள். ஜகதாம்பாள் காபி கலந்துகொண்டு வந்தால், கையை ஆட்டி வேண்டாமென்றார்கள்.

"ஏன்னா, இவாளுக்கெல்லாம் என்ன ஆயிடுத்து?" என்றாள் அவள்.

"தெரியலையே. கந்தக நாத்தம் பிடிக்கலையோ என்னவோ."

கடைசியில் வந்த நாகலக்ஷ்மி ஜகதாம்பாளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். "மனசைத் தேத்திக்கோடி. போனவா திரும்பி வரப்போறாளா?"

ஜகதாம்பாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கும்பகோணத்தில் அவள் அப்பா தள்ளாமையோடு இருந்தார். புருஷன் எதையோ மறைக்கிறார் என்று நினைத்து, அவளும் நாகலக்ஷ்மிக்கு மேல் குரலெடுத்து அழுதாள். சுந்தரேசன் சுவாமி படத்தில் அடித்துச் சத்தியம் செய்து, "உங்கப்பா கல்லுக்குண்டாட்டமா இருக்கார்டி! நான் எண்ணெய் வைக்கலை, அவ்வளவுதான்!" என்று கத்திய பிறகுதான் விஷயம் விளங்கிற்று.

நாகலக்ஷ்மி மட்டும் நம்பவில்லை. "பாவம், அவளுக்கு அதிர்ச்சியா இருக்கும்னு மறைக்கறார்" என்று வெளியே போய்ச் சொன்னாள்.

"பேசாம ஒரு சொட்டு எண்ணெயை வெச்சுக்கோங்கோ. ஊர் வாய் மூடிடும்" என்றாள் ஜகதாம்பாள்.

"ஒரு சொட்டு வெச்சா மறுபடியும் அரிக்கும். அரிச்சா சணல் கிடங்கு. பூஜை முடிய இன்னும் நாலு நாள்கூட இல்லை, ஜகதா!" பார்க்கச் சிரிப்பாக இருந்தாலும், அந்த நேரத்தில் அவர் நிஜமாகவே கலங்கிப் போயிருந்தார்.

ஜகதாம்பாள் யோசித்தாள். தீட்டு வீட்டில் யாராவது விருந்து வைப்பார்களா? வடை, பாயசத்தோடு எல்லாரையும் கூப்பிட்டு ஒரு சாப்பாடு போட்டால், இங்கே சாவு இல்லை என்று சொல்லாமலே விளங்கிவிடும். நல்ல யோசனைதான். அன்றே எல்லார் வீட்டுக்கும் சொல்லி அனுப்பினாள்.

எல்லாரும் வந்தார்கள். இந்தத் தடவை முகத்தில் துக்கம் இல்லை. இலையில் உட்கார்ந்து வடையைப் பிய்த்துக்கொண்டே வாஞ்சிநாதன் தலையாட்டினார்.

"பதிமூணாம் நாள் சுபஸ்வீகாரத்தை இவ்வளவு விமரிசையா யார் பண்றா இந்தக் காலத்துல? போனவர் புண்ணியாத்மா, ஓய்!"

சுந்தரேசனுக்கு அப்போதுதான் விளங்கிற்று. சாவு நடந்த வீட்டில் தீட்டுக் கழிந்ததும் போடுகிற விருந்து என்று அத்தனை பேரும் முடிவு செய்துவிட்டு வந்திருக்கிறார்கள். ஜகதாம்பாள் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றுவிட்டாள்.

அதோடு விட்டதா? சாப்பாடு முடிந்ததும் வாஞ்சிநாதன் மடியிலிருந்து ஒரு சீசாவை எடுத்தார். சுத்தமான நல்லெண்ணெய்.

"தீட்டுதான் போயாச்சே. இப்படி உக்காரும். உம்ம தலையைப் பார்க்கச் சகிக்கலை, நானே வைக்கறேன்."

ஒரு கையில் எண்ணெயை ஊற்றிக்கொண்டே கிட்டத்தில் வந்தார். பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுந்தரேசன் கண்ணில் துரை தெரிந்தார், சணல் கிடங்கு தெரிந்தது, தூசி தெரிந்தது. பின்னால் நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டார்.

"வேண்டாம்! வைக்கக் கூடாது! போனது... போனது என்னைத் தத்து எடுத்துண்ட பெரியப்பா!"

வாஞ்சிநாதனின் கை அந்தரத்தில் நின்றது. எண்ணெய் அவர் முழங்கை வழியே சொட்டிற்று.

"சிவ சிவா! அப்படின்னா அப்பா ஸ்தானம்னா! நீர் வருஷம் பூரா எண்ணெயைத் தொடப்படாதே! நல்லவேளை சொன்னீர், நான் பாவத்துக்கு ஆளாகப் பார்த்தேன்." சீசாவை மூடி மடியில் வைத்துக்கொண்டார். கூட்டத்தைப் பார்த்து, "எல்லாரும் கேட்டுக்கோங்கோ. இவர் தலையைப் பத்தி இனிமே ஒருத்தரும் பேசப்படாது" என்று கட்டளையும் போட்டார்.

சுந்தரேசனுக்கு உயிர் வந்தது. ஒரு வருஷம்! சாஸ்திரமே அவர் பக்கம். பூஜை முடிந்து, பொடி உதிராத தலையோடு துரைக்கு எதிரே உட்காரலாம். பிறந்தே இராத அந்தப் பெரியப்பாவை மனசுக்குள் விழுந்து கும்பிட்டார்.

"பெரியப்பா பேர் என்ன?" என்றார் வாஞ்சிநாதன்.

"அ... அனந்தகிருஷ்ணன்."

"அடுத்த வருஷம் திதிக்கு நானே வந்து சாப்பிடறேன். கவலைப்படாதேயும்."

எல்லாரும் போனார்கள். வாசல் கதவைச் சாத்திவிட்டு சுந்தரேசன் சிரித்த முகத்தோடு திரும்பினார். ஜகதாம்பாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அடக்கித்தான் வைக்கலாம், அடியோட போகாதுன்னு டாக்டர் சொன்னார் இல்லையா? அப்போ அடுத்த வருஷம் யாரைச் சாகடிக்கறதா உத்தேசம்? இப்பவே சொல்லிடுங்கோ, எங்காத்துப் பக்கம் ஒருத்தரையும் தரமாட்டேன்."