போன வருஷத்து எண்

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, பங்குக்கோயிலில் பூசை வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளை எங்கள் மெழுகுதிரிப் பட்டறைக்குள் வந்தார். கையில், குழந்தையைத் தூக்கிவருவதுபோலத் துணியில் சுற்றிய ஈஸ்டர் மெழுகுதிரி. எங்கள் பங்குக்கோயிலுக்கு நான் முடித்துக் கொடுத்தது.

"இதுல என்ன வருஷம் போட்டிருக்கே?"

மெழுகுதிரியில் பதித்த சிலுவையைச் சுற்றி, மெழுகில் வெட்டி ஒட்டிய நான்கு எண்கள். கடைசியில் ஆறு இருக்கவேண்டிய இடத்தில் ஐந்து இருந்தது.

பட்டறையில் என்னோடு வேலை செய்யும், திரி கோக்கும் அக்கா எட்டிப் பார்த்தாள். "உனக்குக் கண்ணாடி வாங்கித் தரவா, காலண்டர் வாங்கித் தரவா?"

நான் சரிபார்ப்புத் தாளைத் தேடி எடுத்தேன். தொழிற்பயிற்சி மாலை வகுப்பில் கற்றுக்கொண்ட பழக்கம் அது. எதைச் செய்தாலும் கட்டம் போட்டுக் குறித்துவிடுவேன். 'வருடம்' என்ற கட்டத்தில் மூன்று டிக். மூன்றும் என்னுடையவை. தேதியைப் பார்த்ததும் கை நின்றது. அண்ணன் இறந்து ஒரு வருடம் நிறைந்த நாள். மற்ற ஏழு கோயில்களின் மெழுகுதிரிகளைச் சரியாக முடித்தவள், எட்டாவதில் அவன் இருந்த வருடத்தை ஒட்டிவிட்டு, மூன்று முறை பார்த்து, சரி என்றும் எழுதியிருக்கிறேன்.

போன வருடத் தவக்காலத்தில் மருத்துவமனை நடைபாதையில் ஒன்பது நாள் ஜெபமாலை சொன்னேன். ஒரு மணிகூடத் தவறவில்லை. பத்தாம் நாள் அண்ணன் போனான். அன்றோடு ஜெபத்தை விட்டேன். ஞாயிறுதோறும் அம்மா தனியாகப் பூசைக்குப் போய்வருகிறாள். முதலில் "வர்றியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது கேட்பதில்லை, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் கொஞ்ச நேரம் நிற்பாள், அவ்வளவுதான். அந்த நிற்பை இன்னும் எத்தனை நாள் தாங்குவேன் என்று எனக்குத் தெரியவில்லை.

"அந்த அஞ்ச எடுத்துட்டு ஆற ஒட்டிக் கொடும்மா," என்றார் கோயில்பிள்ளை. "காலமெல்லாம் ஆண்டவருடையதுன்னு சொல்லி ஃபாதர் இதுல கைவைப்பாரு. போன வருஷத்து மேல கைவெச்சுக்கிட்டு அதச் சொல்ல முடியுமா?"

"ஏன், போன வருஷம் அவருடையது இல்லையா?"

என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அக்காவின் கையில் நூல் நின்றது.

கோயில்பிள்ளை என்னையும் மெழுகுதிரியையும் மாறி மாறிப் பார்த்தார். "அதெல்லாம் ஃபாதர்கிட்ட கேளு தாயி. எனக்குப் பன்னெண்டு மணிக்கு மெழுகுதிரி வேணும்." வாசல் வரை போனவர் திரும்பி, "கேட்டுட்டு எனக்கும் சொல்லு," என்றார்.

கத்தியை வெந்நீரில் நனைத்துத் துடைத்தேன். ஐந்தின் விளிம்பில் வைத்தேன். எடுத்தேன். மறுபடி வைத்தேன். இதை நீக்கினால் அண்ணன் ஒரு நாள்கூட வாழாத வருடம் அங்கே வரும்.

"நான் எடுக்கட்டுமா?" என்றாள் அக்கா.

"வேணாம்க்கா."

சூட்டோடு அழுத்தி ஒட்டியதால் அது முழுதாக வரவில்லை. துண்டு துண்டாகப் பெயர்ந்தது. கீழே மெல்லிய பள்ளம் தெரிந்தது. தேய்த்தும் போகவில்லை. அதன்மேல்தான் ஆறை வைத்து, கட்டைவிரலால் அழுத்தினேன்.

அழுத்தும்போது, 'அந்த ஒன்பது நாளும் எங்கே இருந்தீர்?' என்று உள்ளுக்குள் கேட்டேன். மனம் அமைதியானது என்று எழுதினால் பொய். ஆனால் யாருமே இல்லை என்று நினைப்பவள் யாரைக் கேட்பாள்? ஒரு வருடமாக நான் பேசாமல் இருந்தது ஒருவரோடு. இது ஜெபத்தில் சேருமா என்று தெரியாது. சண்டையாகவே இருக்கட்டும். சண்டை போடவும் நேரில் போகத்தானே வேண்டும்?

கோயில்பிள்ளையிடம் மெழுகுதிரியைக் கொடுத்து அனுப்பிவிட்டு அம்மாவைப் போனில் கூப்பிட்டேன்.

"நாளைக்குப் பூசை எத்தனை மணிக்கு?"

அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாய் நின்றது.

"ஏழரைக்கு. சும்மா கேக்கறியா, வரப்போறியா?"

"வர்றேன். ஆனா பாடல்லாம் மாட்டேன்."

"நீ பாடலேன்னா சந்தோஷப்படற ஆளுங்க அங்க நிறைய இருக்காங்க," என்றாள் அம்மா. கடைசிச் சொல்லில் குரல் உடைந்தது. இருவரும் போனை வைக்கவில்லை.