பாட்டிலில் இருந்த மூன்றெழுத்து

என் மனைவி ராமலட்சுமிக்குப் பால் ஆகாது. பந்தல்குடியில் மாடு கட்டிக் கறந்த வீட்டில் பிறந்தவள். கல்யாணத்தன்று எங்கள் வீட்டில் கொடுத்த பாலும் பழமும் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பொண்ணுக்கு இந்த வீடு ஒத்துக்கொள்ளவில்லையோ என்று என் பெரியம்மா அன்றைக்கே சந்தேகப்பட்டாள்.

நான் அருப்புக்கோட்டையில் அச்சகத்தில் வேலை பார்த்தவன். பொடி எழுத்தைப் படிப்பது எனக்குச் சிரமமில்லை. லாக்டோஸ், லாக்டிக் ஆசிட், லாக்டேட் என்று வரும் இங்கிலீஷ் சொற்கள் எல்லாம் லத்தீனில் பாலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தவை என்று அகராதியில் பார்த்தேன். லெட்டியூஸ் என்கிற கீரைக்கும் அதே வேர்தான். காம்பை ஒடித்தால் எருக்கு மாதிரி வெள்ளையாக வடியுமாம்.

அதைச் சொன்னதும், "எலையிலகூடவா ஒளிஞ்சுக்கிட்டு வரும்?" என்று கேட்டாள் ராமலட்சுமி.

அவளுக்கு இங்கிலீஷ் வராது. எல், ஏ, சி என்ற மூன்று எழுத்தை மட்டும் எழுதிக் காட்டினேன். பிறகு கடையில் எந்தப் பாக்கெட்டையும் திருப்பிப் பார்க்காமல் வாங்கமாட்டாள். ஒருமுறை என் தலைச்சாயப் பாக்கெட்டில் 'பிளாக்' என்ற சொல்லுக்குள் அந்த மூன்றும் இருப்பதைக் கடைக்காரரிடம் காட்டி, அதை அங்கேயே வைத்துவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

போன சித்திரையில் காய்ச்சலும் வாந்தியுமாக இருந்தவளை டவுனில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். குளுக்கோஸ் ஏற்றுவதுபோல ஒரு பாட்டிலை மாட்டிக் கை நரம்பில் ஏற்றினார்கள். மறுநாள் இதயம் நின்றுவிட்டது என்றார்கள். திருச்சுழிப் பக்கம் உள்ள எங்கள் ஊருக்குக் கொண்டுவந்து வாசலில் கிடத்தினோம். செத்தவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச்சேலை வந்து விழாமல் எங்கள் பக்கம் தூக்கமாட்டார்கள். அதைக் கொண்டுவர வேண்டியவன் அவள் தம்பி செல்லப்பாண்டி. பால் சொசைட்டியில் பால் அளந்து எடுப்பவன்.

கார் வந்தது. வெறுங்கையோடு இறங்கினான்.

"கோடி எங்கப்பா?" என்று கேட்டார் ஒரு பெரியவர்.

"கார்ல இருக்கு. அங்கயே இருக்கட்டும். எங்கக்காவுக்குப் பாலு ஆகாதுன்னு ஊருக்கே தெரியும். ஏத்துன பாட்டில்ல லாக்டேட்டுன்னு போட்டிருந்துச்சாம். போலீஸ்ல எழுதிக்குடுத்து, அறுத்துப் பாத்துட்டு அப்புறம் தூக்குங்க."

"அது பால் இல்ல மாப்ள," என்றேன். "நர்ஸம்மாகிட்டக் கேட்டேன்."

"நர்ஸு என்ன சொல்லும்? ஆமா, பாலைத்தான் ஏத்துறோம்னு சொல்லுமா? தெனமும் பாலுல லாக்டோமீட்டர முக்கித் தண்ணி கலந்திருக்கான்னு பாக்குறவன் நான். எனக்குத் தெரியாதா லாக்டுன்னா என்னன்னு?"

இரண்டு பேர் சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள். அவன் சிரிக்கவில்லை.

"மச்சான் படிச்சவுக. பாத்தும் ஏன் சும்மா இருந்தாகன்னுதான் கேக்கேன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் சொந்தக்காரர்களும்தான்.

நர்ஸ் ஜெப ஷீலா, "புளிச்ச பால்ல மொதல்ல கண்டுபிடிச்சதால வந்த பேருய்யா, இதுல பாலு கெடையாது," என்று சொல்லியிருந்தாள். லெட்டியூஸில் மாட்டுப்பால் இல்லை என்பது தெரிந்த எனக்கு அது சரியாகத்தான் பட்டது. ஆனால் அவள் அதைச் சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவசரத்தில் இருந்தாள் என்று அப்போது நினைத்தேன். வாசலில் நிற்கும்போது அப்படி நினைக்க முடியவில்லை. உடலை ஏன் அத்தனை சீக்கிரம் கொடுத்தார்கள் என்றும் தோன்றியது.

இன்னொன்றும் உறுத்தியது. செல்லப்பாண்டி ஆஸ்பத்திரிக்கே வரவில்லை. பாட்டிலில் எழுதியிருந்தது அவனுக்கு எப்படித் தெரிந்தது? கூட இருந்தது நானும் மகள் சுகப்பிரியாவும்தான். கொல்லைப்பக்கம் போய் அவளிடம் கேட்டேன்.

"நீதான் மாமாகிட்டச் சொன்னியா?"

"நான் சொல்லலப்பா. நீங்க டீ குடிக்கப் போனப்ப அம்மாதான் ஸ்பீக்கர்ல போன் போடச் சொன்னாக. 'அந்த மூணெழுத்து இருக்குடா, லாக்டேட்டுன்னு போட்டிருக்காம், பிடுங்கச் சொல்லவா'ன்னு மாமாகிட்டக் கேட்டாக."

"அதுக்கு அவன்?"

"'சின்னப்புள்ள மாதிரி பண்ணாதக்கா, டாக்டருக்குத் தெரியாததா, பேசாமப் படு'ன்னாக." அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப வந்து உங்களக் கேக்காகளே. எல்லார் முன்னாடியும் போய்ச் சொல்லிரவா?"

சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். அதன்பின் அவன் எந்த வீட்டு விசேஷத்திலும் தலை நிமிர்ந்து உட்கார முடியாது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு நானே போனேன். அவன் கார்க் கதவைப் பிடித்தபடி தனியாக நின்றான்.

"மாப்ள, அந்தப் பாட்டிலப் பாத்துட்டு எங்கிட்டயும் கேட்டா. பேசாமப் படுன்னுதான் நானும் சொன்னேன்."

'நானும்' என்றது அவனுக்கு உறைத்தது. வீட்டுப் பக்கம் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"யார்ட்டயும் சொன்னீகளா?"

"இல்ல."

அவன் உதடு கோணியது.

"அப்ப நெசமாவே அது பாலு இல்லையா மச்சான்?"

"எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் இல்ல."

"ஒங்களுக்குத் தெரிஞ்ச வரைக்கும்," என்றான். கேனைத் திறந்ததும் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பவன் என் முகத்தை அப்படிப் பார்த்தான். நான் கண்ணை எடுக்கவில்லை. நம்பினானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. குனிந்து பின்சீட்டிலிருந்து சேலைப் பையை எடுத்தான்.

"அப்ப போலீஸு?" என்று பெரியவர் கேட்டபோது அவன் பையோடு அக்கா கிடந்த இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். மயில்கழுத்து நிறச் சேலை. மடிப்பை உதறி விரித்தான். ஒரு பக்கம் தரையில் இழுபட்டது.

"அந்தப் பக்கம் பிடிங்க மச்சான்," என்றான்.

பிடித்தேன்.