தண்ணீருக்குள் ஒரு தகடு

நோய் அக்காவின் முதுகெலும்பு வரைக்கும் போய்விட்டது, இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம் என்று டாக்டர் சொன்ன அன்றே, அவள் தன் பாய்மரப் படகுக்குப் போக வேண்டும் என்றாள். கணவர் இறந்த பிறகும் அவளுக்கு வீடு அதுதான். தம்பிக்குக் கரையில் வெல்டிங் பட்டறை. வாளித் தண்ணீர் தளும்பினாலே சுவரைப் பிடித்துக்கொள்வான் என்று அவனைப் பற்றி அவள் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். அவன் மறுபேச்சில்லாமல் பட்டறையைப் பூட்டிவிட்டு அவளோடு போனான்.

படகு விரிகுடாவில் நங்கூரமிட்டு நின்றது. காற்று கரையிலிருந்து வீசியதால் அதன் முகம் கரையைப் பார்த்தே இருந்தது. அலையோ முனையைச் சுற்றிவந்து விலாவில் மோதியது. இப்படியும் அப்படியும் படகு சாயும்போதெல்லாம் அக்கா பல்லைக் கடித்தாள். மாத்திரையில் கொஞ்சம் கண் அசந்தால் அடுத்த சாய்வு எழுப்பிவிடும். இரண்டு பக்கமும் தலையணையை அண்டக்கொடுத்துப் பார்த்தான். கரைக்கே போய்விடலாம் என்று கெஞ்சியும் பார்த்தான்.

"எடுத்துட்டுப் போறதா இருந்தா செத்தப்புறம் மொத்தமா எடுத்துட்டுப் போ. அதுவரைக்கும் இத நிறுத்த வழி பாருடா."

அவள் சொன்னபடியே சின்ன நங்கூரத்தைத் துடுப்புப் படகில் ஏற்றிக்கொண்டு, உயிரைக் கையில் பிடித்தபடி பின்பக்கத்திலிருந்து அலை போகும் திசையில் தள்ளிப் போய்ப் போட்டான். அதன் கயிற்றைப் படகின் பின்முனையில் இழுத்துக் கட்டியதும் படகு மெல்லத் திரும்பி அலைக்கு முகம் கொடுத்தது. ஆட்டம் பாதி குறைந்தது. மீதிப் பாதி அவளைத் தூங்க விடவில்லை.

மறுநாள் காலை அக்காவைப் பார்த்துக்கொள்ளக் கரையிலிருந்து நர்ஸம்மா வந்திருந்த நேரத்தில் அவன் பட்டறைக்கு ஓடினான். கனமான இரும்புத் தகடு ஒன்றை முக்கோணமாக வெட்டி, மூலைக்கொரு சங்கிலி பற்றவைத்தான். ஒரு மூலையில் மட்டும் கூடுதல் எடை. பாயின் அடியில் கிடையாகப் போகும் தண்டைப் படகுக்கு வெளியே தள்ளிக் கட்டி, அதன் நுனியிலிருந்து தகட்டைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டான். படகு அந்தப் பக்கம் சாய்ந்தால் தகடு சரிந்து கத்திபோல இறங்கும். படகு நிமிரப் பார்த்தால் தகடு படுத்துக்கொள்ளும், அதன்மேல் நிற்கிற தண்ணீர் படகை இழுத்துப் பிடிக்கும்.

அன்று மதியத்திலிருந்து இருட்டும் வரைக்கும் அக்கா தூங்கினாள். விழித்ததும், "உங்க மாமா இருந்தப்பகூட இது இப்படி நின்னதில்லடா" என்றாள். அவன் ஏதோ வேலை இருப்பதுபோல மேலே போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

அதன்பின் சில நாள் நல்லபடியாகப் போயிற்று. கஞ்சி இரண்டு வாய் இறங்கியது. பழைய கேலியும் திரும்பியது. ஒரு மாலை அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் போனப்புறம் இத வித்துடு. உனக்குத் தண்ணி ஆகாது" என்றாள்.

"அத அப்புறம் பேசிக்கலாம்க்கா. நீ தூங்கு."

"தூக்கம் வருது. அதான் இப்பவே சொல்றேன்."

காலையில் அவள் எழுந்திருக்கவில்லை. நர்ஸம்மா நாடி பார்த்துவிட்டு, போர்வையை முகம்வரை இழுத்துவிட்டாள்.

அவளை எடுத்துப் போக வந்த படகுக்காரர்கள், வழியில் தொங்கும் தகட்டைத் தூக்கிவிடச் சொன்னார்கள்.

"அது இருக்கட்டும்," என்றான் தம்பி. "ஆடினா அவளுக்கு வலிக்கும். நீங்க அந்தப் பக்கமா வாங்க."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு படகைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்தார்கள்.

காரியங்கள் முடிந்தபின் அவளுடைய துணிமணிகளை எடுக்கத் தனியாக வந்தான். இனி எதற்கு என்று தகட்டை மேலே இழுத்துப் போட்டான். படகு உடனே இப்படியும் அப்படியும் சாயத் தொடங்கியது. அலமாரிக் கதவு திறந்து திறந்து மூடியது. வெறும் படுக்கையில் தலையணைகள் இரண்டும் உருண்டன. அதுவரை கரையில் யார் முன்னாலும் அழாதவன், தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான்.

பிறகு எழுந்து தகட்டை மறுபடியும் தண்ணீருக்குள் இறக்கினான். படகு அடங்கியது. அவளுடைய துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடிக்க ஆரம்பித்தான்.